அழாத கதை ஏதாச்சும் இருக்கா?

(எங்கள் பகுதி இரவுப் பாடசாலையில் நூலக அலமாரி திறந்த நாளன்று மாணவர்கள், இயக்கத் தோழர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை அங்கங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிஞர்னு சொல்லி என்னை மேடைக்குக் கூப்பிட்டீங்க. பகல்ல நான் வங்கியில் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற கிளார்க். ஜூன் மாசம் பொறந்தா அங்கே கூட்டம் தாங்காது. தோடு, மூக்குத்தி, அரைப் பவுன் மோதிரம். எதுக்கும்மா கடன்னு கேட்டா, 'பள்ளிக்கூடம் தொறக்குறாங்கய்யா' என்பார்கள். நோட்டு, யூனிஃபார்ம், பீஸ். கதைப் புத்தகம் வாங்க நகை வைத்த ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை.

வரலாற்றில் ஒருத்தர் இருக்கிறார். ராம்ஜி சக்பால். பாடத்துக்கு வெளியே படிக்க மகன் பீமராவ் கேட்ட புத்தகங்களுக்காக, கட்டிக்கொடுத்த மகள்களிடம் போய்க் காசு கேட்பார். காசில்லையென்றால் அவர்கள் நகையை வாங்கி அடகு வைப்பார். பென்ஷன் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். அந்த நகைக்கு நாம் இன்னும் வட்டி கட்டி முடிக்கவில்லை. இந்த அலமாரியை அந்த வட்டியில் ஒரு தவணை என்று வைத்துக்கொள்வோம்.

சரி, அலமாரி வந்தாச்சு. உள்ளே என்ன வைக்கப் போகிறோம்?

இதற்கு முன்னால் இங்கே ஒரு தகரப் பெட்டிதான் இருந்தது. தலைவர்கள் வரலாறு, வன்கொடுமை பற்றிய உண்மையறியும் குழு அறிக்கைகள், பொது அறிவு, நீதிக் கதைகள். ஏழாவது படிக்கிற ஒரு தங்கச்சி மூணு வாரம் எடுத்துப் படித்தாள். நாலாவது வாரம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணே, எல்லாத்துலயும் அடிக்கிறாங்க, கொளுத்துறாங்க, நாம அழுவுறோம். அழாத கதை ஏதாச்சும் இருக்கா?"

என்னிடம் இல்லை. அதற்கப்புறம் ரெண்டு மாசம் அவள் பெட்டிப் பக்கம் வரவே இல்லை.

அந்தக் கேள்வியைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். அஞ்சாவதிலிருந்து எட்டாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்குச் சாகசமும் சிரிப்பும் உள்ள நாவல்கள் வேண்டும். இதைச் சொன்னால் சில தோழர்கள் முகம் சுளிக்கிறார்கள். பொழுதுபோக்கு என்கிறார்கள். சிரிப்பு நமக்கு அந்நியமா? பாமாவின் 1996ஆம் ஆண்டுச் சிறுகதைத் தொகுப்பின் பேரே 'கிசும்புக்காரன்'. களத்து மேட்டில் நம் கிழவிகள் பேசுகிற நக்கலில் பண்ணையாரின் மீசை எத்தனை தடவை பொசுங்கியிருக்கும்! நமக்குள்ளே சிரித்ததை நம் பிள்ளைகள் கையில் புத்தகமாகக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் எந்தச் சாகசக் கதையும் நமக்கு ஆகுமா? இதைக் கொஞ்சம் கட்டுடைத்துப் பார்க்க வேண்டும். சாகசம் என்றால் என்ன? வீட்டைவிட்டுக் கிளம்புவது. எந்தத் தெருவிலும் நடப்பது, எந்தத் தோப்பிலும் நுழைவது, எந்தக் கிணற்றிலும் குதிப்பது. அதாவது நடமாடும் உரிமை ஏற்கெனவே கையில் இருப்பவனுடைய விளையாட்டு. ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடந்ததற்கு அடி வாங்கியவனின் பேரனுக்கு அது என்ன?

1901இல் ஒன்பது வயதுப் பையன் ஒருத்தன் சாகசப் பயணம் கிளம்பினான். அண்ணன் முதலான பிள்ளைகளோடு, புதுச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, அப்பாவைப் பார்க்க ரயிலேறினான். இறங்கிய ஸ்டேஷனுக்கு யாரும் வரவில்லை. மகார் என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் பின்வாங்கினார். வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். கடைசியில் ரெட்டை வாடகை கொடுத்து, பிள்ளைகளே வண்டியோட்ட, வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வந்தான். கூடை நிறையச் சாப்பாடு இருந்தது. குடிக்கத் தண்ணீர் தர ஆளில்லை. பசியோடும் தாகத்தோடும் இரவைக் கழித்தார்கள். அந்தப் பையன் பீமராவ். 'வெயிட்டிங் ஃபார் எ விசா'வில் அவரே எழுதியிருக்கிறார். ரயில், மாட்டுவண்டி, இருட்டு, முன்பின் தெரியாத பாதை என்று ஒரு சாகசக் கதைக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது. சாதி அந்தப் பயணத்திலிருந்து சந்தோஷத்தை மட்டும் உருவிக்கொண்டது.

இன்னொரு பக்கம் பாருங்கள். சிறுவர் சாகசம் என்றாலே எல்லோரும் மார்க் ட்வைனைச் சொல்வார்கள். ஹக்கிள்பெரி ஃபின் கதை 1884இல் இங்கிலாந்திலும் அடுத்த வருஷம் அமெரிக்காவிலும் வந்தது. தப்பி வந்த அடிமை ஜிம்மைக் காட்டிக்கொடுப்பதைவிட நரகத்துக்குப் போவதே மேல் என்று ஹக் முடிவெடுக்கிற இடம் பெரிய இடம்தான். ஆனால் கடைசியில் என்ன நடக்கிறது? ஜிம்மைக் குடிசையில் சங்கிலி போட்டு வைத்திருக்கிறார்கள். டாம் சாயர் வருகிறான். ஜிம்மின் எஜமானி சாகும்போதே அவனுக்கு விடுதலை எழுதிவைத்துவிட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. கதையில் படித்த மாதிரி 'சிறை மீட்பு' ஆட வேண்டும் என்பதற்காக எலி, பாம்பு, சிலந்தி எல்லாவற்றையும் ஜிம்மோடு அடைத்து ஆட்டம் காட்டுகிறான். முடிந்ததும் நாற்பது டாலர் கொடுக்கிறான்.

ஒருத்தனின் சாகசம் இன்னொருத்தன் காலில் சங்கிலி. ஜிம்மின் பக்கமிருந்து அந்தக் கதையை எழுத பெர்சிவல் எவரெட் என்ற கறுப்பின எழுத்தாளர் வர வேண்டியிருந்தது. 2024இல் 'ஜேம்ஸ்' வந்தது. 2025இல் புலிட்சர் பரிசு வாங்கியது. அது பெரியவர்களுக்கான நாவல். அதை நீங்க படிங்க.

பிள்ளைகளுக்கு மூன்று நாவல்களைச் சொல்கிறேன். மூன்றையும் நான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் படித்தேன். ராத்திரி இங்கே வந்து தமிழில் வாயால சொன்னேன்.

முதலாவது, 'பட், நாட் படி'. எழுதியவர் கிறிஸ்டோபர் பால் கர்ட்டிஸ். மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரத்துக் கார்த் தொழிற்சாலையில் பதின்மூன்று வருஷம் காருக்குக் கதவு மாட்டிய தொழிலாளி. நாவல் வந்தது 1999இல். அடுத்த வருஷம் நியூபெரி பதக்கம். கதை நடப்பது 1936, பொருளாதார மந்தக் காலம். பத்து வயசு அநாதைக் கறுப்புப் பையன் பட். சொத்து ஒரு சூட்கேஸ். அதில் ஒரு இசைக்குழுவின் நோட்டீசு. நோட்டீசில் இருக்கிற ஆள்தான் தன் அப்பா என்று அவனாகவே முடிவு பண்ணிக்கொண்டு சுமார் 120 மைல் நடக்கக் கிளம்புகிறான்.

பிள்ளைகள் எங்கே சிரித்தார்கள் தெரியுமா? வளர்க்கிற வீட்டில் மூக்குக்குள் பென்சிலைச் செருகிய பயலை, தூங்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரை வைத்துப் படுக்கையில் ஒண்ணுக்கு இருந்தவன் ஆக்கிவிட்டுப் போகிறான் பாருங்கள், அங்கே. அப்புறம், நடுராத்திரி ரோட்டில் வண்டியை நிறுத்தி உதவ வந்த நல்ல மனுஷனின் காரில் 'மனித ரத்தம்' என்று எழுதிய பெட்டியைப் பார்க்கிறான். அது ஆஸ்பத்திரிக்குப் போகிற ரத்தம். இவன் ரத்தம் குடிக்கிற பேய் என்று நினைத்து, அந்தாளை வெளியே விட்டுப் பூட்டிவிட்டு, ஓட்டத் தெரியாத காரை ஓட்டப் பார்க்கிறான். சிரித்து முடித்த பிறகுதான் சொன்னேன்: கறுப்புப் பையன் ராத்திரியில் அந்த ரோட்டில் நடப்பது விளையாட்டில்லை. இருட்டுவதற்குள் கறுப்பர்கள் வெளியேறிவிட வேண்டும் என்று வைத்திருந்த ஊர்கள் அமெரிக்காவில் நிறைய இருந்தன. பட்டுக்கும் நடமாடும் உரிமை கிடையாது. ஆனாலும் நடக்கிறான். இதுதான் நான் சொல்கிற சாகசம்.

இரண்டாவதும் கர்ட்டிஸ்தான். 'வாட்சன் குடும்பம் பர்மிங்ஹாம் போகிறது, 1963'. வெளிவந்தது 1995. சொல்கிறவன் கென்னி. அவன் அண்ணன் பைரன் பெரிய போக்கிரி. உறையும் பனியில் கார்க் கண்ணாடியில் தன் அழகைப் பார்த்துத் தானே முத்தம் கொடுத்து, உதடு ஒட்டிக்கொண்டு மாட்டிக்கொள்கிறான். பாதிக்கு மேல் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். குடும்பம் தெற்கே பர்மிங்ஹாமுக்குக் காரில் போகிறது. அங்கே 1963 செப்டம்பர் 15இல் பதினாறாம் தெரு தேவாலயத்தில் நிறவெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் செத்தார்கள். வரலாறு. கென்னியின் தங்கச்சி அந்தக் காலையில் தேவாலயத்துக்குப் போயிருக்கிறாள்.

அந்த இடம் வந்தபோது இங்கே சத்தமே இல்லை. நாம் நோட்டீசில் 'சிறுமி படுகொலை' என்று அச்சடிக்கிறோம். அந்தப் பிள்ளை எதுக்குச் சிரிக்கும், யாரைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும், நமக்குத் தெரியாது. எண்ணிக்கையாகவே புதைத்துவிடுகிறோம். கர்ட்டிஸ் முதலில் சிரிக்க வைத்தார். அதனால்தான் இழப்பு எவ்வளவு என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தது.

மூன்றாவது, லூயிஸ் சாக்கரின் 'ஹோல்ஸ்'. 1998. செய்யாத திருட்டுக்காகப் பாலைவன முகாமுக்கு அனுப்பப்பட்ட ஸ்டான்லி. தினமும் அஞ்சடி ஆழம் அஞ்சடி அகலத்தில் ஒரு குழி வெட்ட வேண்டும். குடும்பத்துக்கு வந்த கஷ்டமெல்லாம் பன்னி திருடின பாட்டன் ஒருத்தன் வாங்கிய சாபம் என்பார்கள். பன்னி திருடின பாட்டன்னு சொன்னதும் இங்கே விழுந்து விழுந்து சிரித்தார்கள். கூட இருக்கிற ஜீரோ என்ற பையனுக்கு எழுத்துத் தெரியாது. ஸ்டான்லி படிக்கச் சொல்லித்தருவான். பதிலுக்கு ஜீரோ அவன் குழியில் கொஞ்சம் வெட்டுவான். வெள்ளைப் பையன் உட்கார்ந்திருக்க இன்னொருத்தன் மண் வெட்டுவதா என்று கறுப்புப் பையன்கள் கேட்கிறார்கள். எட்டாவது படிக்கிற ஒரு தம்பி எழுந்து, "அதானே!" என்றான். நான் எந்த விளக்கமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தோழர்களுக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, கதை முடிந்ததும் 'இதிலிருந்து என்ன நீதி' என்று கேட்காதீங்க. பள்ளிக்கூடம் அதைக் கேட்டுத்தான் பிள்ளைகளைக் கதையிலிருந்து விரட்டியது. இரண்டு, ஆங்கிலம் படித்த மாணவர்கள் ஆளுக்கொரு நாவலை எடுத்து, நம் பிள்ளைகள் பேசுகிற தமிழிலேயே சொல்லுங்கள். கொச்சை என்று எவனாவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். மூன்று, நம் பிள்ளைகளின் சொந்த சாகசங்களை எழுத வையுங்கள். நம்முடைய நாவல் அங்கிருந்துதான் வர வேண்டும்.

நடக்குமா என்று கேட்பீர்கள். பட் எங்கே போனாலும் தனக்கென்று விதிகள் வைத்திருப்பான். ஜாலியாகப் பிழைக்கவும், பொய்யைச் சரியாகச் சொல்லவும் நம்பர் போட்ட விதிகள். இதைச் சொன்ன மறுநாள், அழாத கதை கேட்ட அந்தத் தங்கச்சி ரெண்டு மாசம் கழித்து வந்தாள். கையில் நாற்பது பக்க நோட்டு. தாத்தா சொன்ன டீக்கடைக் கதைகளை வைத்து அவளும் விதி எழுதியிருந்தாள். அவள் அனுமதியோடு ஒன்றை வாசிக்கிறேன்:

"விதி நம்பர் 3. தனி கிளாஸ்ல டீ குடுத்தா சண்டை போடக் கூடாது. டீயக் குடிச்சிட்டு, மறந்தாப்ல கிளாஸ வூட்டுக்கு எடுத்துட்டு வந்துடணும். ஆளுக்கு ஒண்ணு எடுத்தா நாலு நாள்ல அவன்கிட்ட தனி கிளாஸே இருக்காது. நம்ம வூட்ல நெறைய கிளாஸ் இருக்கும்."

நீங்க சிரிக்கிறீங்க. நானும் சிரித்தேன். அந்த நோட்டையும் அலமாரியில் வைத்திருக்கிறோம். முதல் தட்டில்.

ஜெய் பீம்.