முதல்ல போனவர்: லிஸ்பனுக்குப் படிக்கப் போன ஒரு பையனும் முத்துக்குளித்துறையும்



"மேல்படிப்புக்கு வெளிநாடு போறேன்"னு தூத்துக்குடியில ஒரு பொண்ணோ பையனோ சொன்னதும், வீட்ல முதல்ல என்ன பண்ணுவாங்க? ஏற்கெனவே போன யாரோட வாட்ஸ்அப் நம்பராவது கிடைக்குமான்னு தேடுவாங்க. பக்கத்துத் தெரு அண்ணன், சித்தி வழியில ஒரு அக்கா, இப்படி யாராவது. எந்த காலேஜ் நல்லது, பார்ட் டைம் வேலை கிடைக்குமா, எந்த ஏஜென்ட்கிட்ட போகலாம்? அவங்க சொல்ற ஒரு வார்த்தையை நம்பி நகை அடகுக்குப் போகுது, வீட்டுப் பத்திரம் பேங்குக்குப் போகுது.

அந்த 'முதல்ல போனவர்' பற்றித்தான் இன்றைய எபிசோட். நாம பார்க்கப் போற ஆள் போனது 1513-ல.

கதை தொடங்குவது கோழிக்கோட்டில். வாஸ்கோ ட காமா 1498-ல் அங்கே வந்து இறங்கியதிலிருந்து, சாமூதிரி மன்னருக்கும் போர்த்துகீசியர்களுக்கும் பல வருடம் சண்டை. 1513-ல் ஒரு சமாதானம் ஏற்படுகிறது. அந்தச் சமயத்தில் சாமூதிரி ஓர் இளைஞரை லிஸ்பனுக்கு அனுப்பி வைக்கிறார். பதின்ம வயசுப் பையன். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகணும், கிட்டத்தட்ட ஆறு மாசக் கடல் பயணம். போய் அவங்க மொழியைப் படிக்கணும், அவங்க பழக்கவழக்கத்தைப் புரிஞ்சுக்கணும். இன்றைய பாஷையில சொன்னா, அரசு ஸ்காலர்ஷிப்.

முதலாம் மனுவேல் மன்னரின் அரசவையில் அவர் வளர்கிறார். அங்கேயே ஞானஸ்நானம் பெறுகிறார். புதுப் பெயர் ஜொவாவ் ட குரூஸ். கிறிஸ்துவின் சபை என்ற பெருமைக்குரிய வீரர் அமைப்பில் இடமும் கிடைக்கிறது. சில வருடத்தில் ஊர் திரும்புகிறார்.

திரும்பி வந்தவர் செய்த தொழில் குதிரை வியாபாரம். தென்னாட்டு மன்னர்களுக்குப் போர்க்குதிரை வேணும். அது அரேபியா, பாரசீகம் பக்கம் இருந்து கப்பலில்தான் வரணும். கடலிலோ போர்த்துகீசியர்களின் அனுமதிச் சீட்டு இல்லாமல் கப்பல் ஓட்டுவது கஷ்டம். அப்போ லிஸ்பன் அரசவையை நேரில் தெரிஞ்சவருக்கு எவ்வளவு பெரிய வாய்ப்புன்னு பாருங்க.

1530-களில் அவர் குமரிமுனைப் பக்கம் வந்தபோது, முத்துக்குளித்துறையில் நிலைமை மோசமாக இருந்தது. மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில் மூச்சைப் பிடித்து மூழ்கி சிப்பி எடுப்பவர்கள் பரதவர்கள். அந்த முத்துக்குளிப்பு யார் கையில் இருக்க வேண்டும் என்பதில், கடல் வணிகத்தில் வலுவாக இருந்த முஸ்லிம் வணிகர்களோடு அவர்களுக்கு மோதல். உயிர்ச்சேதம், பயம், தொழில் முடக்கம். இந்த இடத்தில்தான் ஜொவாவ் ட குரூஸ் ஒரு யோசனை சொல்கிறார்: போர்த்துகீசியரிடம் பாதுகாப்பு கேளுங்கள், அவர்கள் மதத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போகிறார்கள். அடுத்த இரண்டு வருடத்தில், 1537-க்குள், சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்பது வரலாற்று ஆசிரியர்களின் கணக்கு. பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542-ல், இதெல்லாம் நடந்து முடிந்த பிறகு. உங்க கிளாஸ்ல பெர்னாண்டோ, மச்சாடோ, மோத்தா, ரோட்ரிகோன்னு பெயர் வெச்ச தூத்துக்குடி நண்பர் இருந்தா, அந்தப் பெயர்கள் வந்த வழி இதுதான்.

சரி, அவர் சொன்னது நல்ல யோசனையா?

பாதுகாப்பு கிடைத்தது, அது உண்மை. போர்த்துகீசியக் கப்பல்கள் வந்தன, பரதவர்கள் மறுபடி முத்துக்குளித்தார்கள். ஆனா அதுக்கு விலையும் இருந்தது. முத்துக்குளிப்பு வரியில் ஒரு பங்கு, போர்ச்சுகல் அரசியின் செருப்புச் செலவுக்கு என்றே ஒதுக்கப்பட்டிருந்தது! அந்தப் பணத்தை இந்தக் கரையின் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார்களுக்குத் தரும்படி சவேரியார்தான் பிறகு கேட்டு வாங்கினார்.

ஜொவாவ் ட குரூஸுக்கும் இதில் லாபக் கணக்கு இருந்தது. அவர் போர்ச்சுகல் மன்னருக்கு எழுதிய கடிதங்கள் லிஸ்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தான் செய்த சேவையை எடுத்துச் சொல்லி, குதிரை வியாபாரத்துக்குச் சலுகை கேட்கிறார். இதனால அவரை வில்லன்னு சொல்லிட முடியுமா? எனக்கு அப்படித் தோணல. ஆபத்தில் இருந்த மக்களுக்கு ஒரு வழி காட்டினார். அந்த வழியில் தன் கடையையும் வைத்துக்கொண்டார். இரண்டும் ஒரே ஆள்தான்.

கவனிக்க வேண்டியது வேற ஒண்ணு. அந்தப் பேச்சுவார்த்தையில் இரண்டு பக்கத்தையும் தெரிந்தவர் அவர்தான். பட்டங்கட்டிகள் லிஸ்பனைப் பார்த்ததில்லை. அவர் சொன்னதைச் சரிபார்க்க அவர்களுக்கு வேறு வழி கிடையாது. வெளிநாட்டுப் படிப்பு ஒருவருக்குக் கொடுக்கும் உண்மையான அதிகாரம் இதுதான். டிகிரியை விடப் பெரிசு. ஊர்ல மற்றவங்களுக்குத் தெரியாத ஒரு உலகத்துக்கு நீங்கதான் கண்.

அதனால, போகப் போறவங்களுக்கு: முதல்ல போன அண்ணன்கிட்ட கேளுங்க, தப்பே இல்ல. ஆனா "நீங்க சொல்ற ஏஜென்ட் உங்களுக்கு கமிஷன் தர்றாரா?"ன்னும் கேளுங்க. மரியாதையா கேட்டா நல்லவர் கோபப்பட மாட்டார். அப்புறம் அதே ஊர்ல படிக்கிற, உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொருத்தர்கிட்டயும் விசாரிங்க. பட்டங்கட்டிகளுக்கு அந்த வசதி இல்ல. உங்களுக்கு இருக்கு.

ஏற்கெனவே போனவங்களுக்கு: இன்ஸ்டால பனி விழுற வீடியோ போடுங்க, சந்தோஷம். கூடவே ரூம் வாடகை எவ்வளவு, வேலை கிடைக்க எத்தனை மாசம் ஆச்சு, எத்தனை நாள் அழுதீங்கன்னும் வீட்டுக்கு அடுத்து வரப்போற தம்பி தங்கச்சிகிட்ட சொல்லுங்க. உங்க வார்த்தையை நம்பி இங்க ஒரு அம்மா வளையலைக் கழட்டிட்டு இருக்காங்க.

உங்க ஊர்ல 'முதல்ல போனவர்' யாரு? அவர் சொன்னதுல எது சரியா இருந்துச்சு, எது இல்ல? எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.