பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க!

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் சொத்தை இருக்கான்னு திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். தேங்காயைத் தட்டிப் பார்க்கிறோம். ஆனா பிஸ்கட், நூடுல்ஸ், பாலில் கலக்குற பவுடர் வாங்கும்போது மட்டும் முன்பக்கத்துப் படத்தையும் டி.வி. விளம்பரத்தையும் நம்பி வாங்கிடுறோம். முன்பக்கம் கம்பெனிக்காரங்க பேசுற பேச்சு. உள்ளே என்ன இருக்குன்னு பின்பக்கம்தான் சொல்லும்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ல் வந்தது. அதன் கீழ் 2020-ல் வந்த லேபிள் விதிகளின்படி, என்னென்ன பொருள் சேர்ந்திருக்கு, 100 கிராமில் சர்க்கரை, கொழுப்பு, சோடியம் எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும். எல்லாத்தையும் படிக்க வேண்டாம். மூணு விஷயம் பார்த்தால் போதும்.

முதலாவது, பொருள் பட்டியல். 'இன்கிரீடியன்ட்ஸ்' என்று இருக்கும். எடையில் எது அதிகமோ அதை முதலில் எழுதணும். முன்பக்கம் 'ராகி பிஸ்கட்' என்று இருந்தாலும், பட்டியலில் முதலில் 'ரிஃபைன்ட் வீட் ஃப்ளோர்' என்று இருந்தால் அது மைதா பிஸ்கட்தான். ராகியைப் பெருமையாகச் சொன்னால் அது எத்தனை சதவீதம் என்றும் போட வேண்டும். அதையும் பாருங்க.

இரண்டாவது, சர்க்கரை. ஒரு டீஸ்பூன் என்பது சுமார் 5 கிராம். 100 கிராமில் 25 கிராம் சர்க்கரை என்றால் 5 ஸ்பூன். தனியாகச் சேர்த்த சர்க்கரைக்கு லேபிளில் வைத்திருக்கும் கணக்கு, பெரியவர்களுக்கு நாள் ஒன்றுக்கு 50 கிராம். நாம குடிக்கிற டீ, காபிச் சர்க்கரையும் அதில்தான் சேரும். சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் குறைவாகத்தான் இருக்கணும்.

மூன்றாவது, சோடியம். அதாவது உப்பு. 400 மில்லிகிராம் சோடியம் இருந்தால் ஒரு கிராம் உப்பு என்று கணக்கு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்பு போதும். 1000 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அதிலேயே பாதி நாள் உப்பு போயிடுது. பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க வீட்டில் இதைக் கட்டாயம் பார்க்கணும்.

ஒரு எச்சரிக்கை. 'பெர் சர்வ்' என்று ஒரு கணக்கு இருக்கும். அது ஒரு தடவை சாப்பிடுற சின்ன அளவுக்கு. பிள்ளைகள் முழுப் பாக்கெட்டையும் தின்னுடும். அதனால் 100 கிராம் கணக்கையே பாருங்க.

'இங்கிலீஷில் பொடி எழுத்தாக இருக்கே' என்று கேட்பீங்க. உண்மைதான். இங்கிலீஷ் அல்லது ஹிந்தியில் இருந்தால் போதும் என்பது விதி, தமிழ் கட்டாயமில்லை. ரொம்பச் சின்ன பாக்கெட்டுகளில் இந்த விவரங்கள் இல்லாமலும் இருக்கலாம். பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குவது அந்தச் சின்ன பாக்கெட்டுகள்தான். அப்போ கடைக்காரரிடம் பெரிய கவரைக் காட்டச் சொல்லுங்க. படிக்கிற மகளை, மகனைப் படிக்கச் சொல்லிக் கேளுங்க.

'ஹெல்த் டிரிங்க்' என்ற பெயரிலும் மயங்க வேண்டாம். அப்படி ஒரு வகை உணவுச் சட்டத்தில் கிடையாது. அந்தத் தலைப்பில் பவுடர்களைக் காட்டக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு ஆன்லைன் விற்பனைக் கம்பெனிகளுக்குச் சொன்னது.

லேபிளைப் பார்த்தால் வாங்குறது மாறுமா? தென் அமெரிக்காவில் சிலி நாட்டில் 2016-ல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பாக்கெட்டுகளின் முன்பக்கத்தில் கறுப்பு முத்திரை போட வைத்தார்கள். பிள்ளைகளைக் குறிவைத்த விளம்பரத்தையும் பள்ளியில் விற்பதையும் தடுத்தார்கள். அதன் பிறகு முத்திரை விழுந்த பானங்களை மக்கள் வாங்குவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது. முத்திரை இல்லாத பாக்கெட்டை நாமதான் திருப்பிப் பார்க்கணும்.

காலையில் வேலைக்கு ஓடுற அவசரத்தில் பிள்ளை கையில் பத்து ரூபாய் கொடுத்துட்டுப் போறோம். யாரையும் குறை சொல்லலை. ஆனா தினம் பத்து ரூபாய் என்றால் மாசம் 300 ரூபாய். அந்தக் காசுக்கு வேர்க்கடலை, சுண்டல், வாழைப்பழம், முட்டை வாங்கலாம்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஆளுக்கொரு காலிக் கவர் கொண்டு வாங்க. சேர்ந்து படிப்போம். நம்ம குழுக்கள் விற்கிற மசாலாப் பொடி, ஊறுகாயில் சேர்த்த பொருளைத் தமிழில், பெரிய எழுத்தில் போடுவோம். மற்றவங்களிடம் கேட்கிறதை முதலில் நாம செய்வோம்.