விதையை நிறுத்து மரத்தைச் சொல்ல முடியுமா?

(தலைப்பு: இளம் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கப் பெரிதும் துணை நிற்பது கையிலுள்ள கணக்கா? மனத்திலுள்ள துணிச்சலா? – ‘துணிச்சலே’ அணியில் ஆற்றிய உரை)

 

எனக்கு முன்னாடி பேசிய நண்பர் கேட்டார், “போன வருஷம் எத்தனை கோல் போட்டான்னு பார்க்காம எப்படிய்யா எடுக்கிறது?” நல்ல கேள்வி. நான் அவரைக் கேட்கிறேன். உங்களுக்குப் பொண்ணு கொடுத்தப்போ உங்க கையில வேலை இருந்துச்சா? (சிரிப்பு) உங்க மாமனார் கணக்கு பார்த்திருந்தா இன்னைக்கு நீங்க குடும்பஸ்தரா? துணிஞ்சார்யா! (பலத்த கைதட்டல்)

2024 அக்டோபர்ல டெல்லியில ஹாக்கி இந்தியா லீக் ஏலம் நடந்தது. நம்ம பேர்லயும் தமிழ்நாடு டிராகன்ஸ்னு ஒரு அணி. ஒரு அணிக்கு 24 பேர். அதுல 4 பேராவது ஜூனியரா இருக்கணும்னு அப்போ விதி இருந்துச்சு. அந்தச் சின்னப் பையன்கிட்ட என்ன பெரிய கணக்கு இருக்கும்? கணக்கு இல்லாதவனை எடுன்னு விதியே சொல்லுச்சு, நடுவர் அவர்களே!

2022 மே மாசம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. மூத்தவங்க பலரை விட்டுட்டு இளையவங்களை அனுப்பினாங்க. கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல் போனார், அரியலூர் கார்த்தி செல்வம் போனார். முதல் ஆட்டமே பாகிஸ்தானோட. கார்த்திக்கு அதுதான் முதல் சர்வதேச ஆட்டம். முதல் கால்மணி நேரத்துக்குள்ள கோல்! அந்த அணி வெண்கலத்தோட திரும்புச்சு. (கைதட்டல்)

“சரி, பணம் போனா யார் பொறுப்பு?”ன்னாங்க. கிரிக்கெட்டிலிருந்து சொல்றேன். வருண் சக்கரவர்த்தி, 17 வயசுல ஆட்டத்தை விட்டுட்டுக் கட்டடக்கலை படிக்கப் போனவர். திரும்பி வந்தார். 2018 டிசம்பர் ஏலத்தில் 20 லட்சம் அடிப்படை விலை. பஞ்சாப் அணி 8 கோடியே 40 லட்சம் கொடுத்தது. 2019ல ஆடினது ஒரே ஆட்டம். முதல் ஓவரில் 25 ரன்! “பார்த்தீங்களா?”ன்னு எதிரணி சிரிக்குது. கொஞ்சம் பொறுங்க. பஞ்சாப் விட்டுருச்சு, கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது. 2020ல 17 விக்கெட். 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் மூணே ஆட்டத்தில் 9 விக்கெட்!

பஞ்சாப் தோத்தது துணிஞ்சதால இல்லை, காத்திருக்காததால. எடுக்கிறது பாதித் துணிச்சல்; எடுத்தவனைக் காப்பாத்தி வைக்கிறது மீதித் துணிச்சல். எதிரணி ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தைச் சொன்னாங்க. வள்ளுவர் அதோட விட்டாரா? அடுத்த அதிகாரமே ‘தெரிந்து வினையாடல்’. தேர்ந்தெடுத்துட்டியா, வேலையை அவன் கையில கொடுன்னார்!

கண்ணை மூடிக்கிட்டு எடுக்கச் சொல்லலை. பாருங்க! பந்தைப் பறிகொடுத்தவன் இடுப்பில் கைவச்சு நிக்கிறானா, திரும்பி ஓடிப் பறிக்கிறானா? அணியில் பேர் வரலைன்னா மறுநாள் காலையில் பயிற்சிக்கு வர்றானா? இது எந்த ஸ்கோர் அட்டையில் இருக்கு? பக்கத்தில் நின்னு பார்க்கிற கண்ணுக்குத்தான் தெரியும்.

தாய்மார்களே, ஏலம் எடுக்கிறவனுக்குப் போறது பணம். அடுத்த வருஷம் சம்பாதிச்சுக்குவான். 17 வயசுப் பையனைப் பார்த்து ‘தேறாது’ன்னு ஒரு வார்த்தை சொன்னா, அவனுக்குப் போறது வாழ்க்கை. அதை எந்த ஏலத்திலும் திரும்ப வாங்க முடியாது. (கைதட்டல்) நாளைக்குக் காலையில் உங்க வீட்டுப் பையன் மட்டையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினா, மார்க் ஷீட்டை மட்டும் பார்க்காதீங்க. படிக்கவும் வையுங்க, ஆடவும் விடுங்க. ரெண்டு வருஷம் அவனுக்குக் கடன் கொடுங்க.

கணக்கு நேற்றைச் சொல்லும். துணிச்சல்தான் நாளையைச் செய்யும். ஆகவே ‘துணிச்சலே’ என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.