விசா நேர்காணலுக்குப் போகுமுன்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"சமய விடயம் பேச அறிஞர் பலர் இருக்கின்றனர், நீங்கள் உலக விடயம் ஒன்று பேசுங்கள்" என்று நமது செயலாளர் கேட்டுக்கொண்டார். எந்த விடயம் என்று வினவினேன். சங்கத்துப் பிள்ளைகள் நால்வர் விசா நேர்காணலுக்கு நாட் குறித்துக்கொண்டு இராத் தூக்கமின்றி இருக்கிறார்கள், அதைப்பற்றிச் சொல்லுங்கள் என்றார். துறைமுகத்திலே முப்பது வருடம் சரக்குப் பதிவேடு எழுதியவனுக்கு இதிலே என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தகுதி உண்டு. விசா மறுக்கப்பட்டவன் நான். அந்தக் கதையைப் பின்னர் சொல்லுகிறேன்.

நமது பாட்டன்மார் சிதம்பர தரிசனத்துக்குப் போனபோது தலைமன்னாரிற் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கினார்கள். விசா என்ற சொல்லை அவர்கள் அறியார்கள். 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் வந்த பின்னரே கடலைக் கடப்பது கடதாசி விவகாரமாயிற்று. தனுஷ்கோடியையோ 1964 டிசம்பர்ப் புயல் கொண்டுபோய்விட்டது. 1957 வரை பிரித்தானியக் கடற்படைக் கப்பல்கள் நம் உள்துறைமுகத்தில் நின்றன. என் தகப்பனார் அந்த டொக்யார்டில் வேலை பார்த்தவர். உலகமெல்லாம் நம் வாசலுக்கு வந்துபோனது. நாம் உலகத்துக்குப் போக வேண்டுமாயின், இரவு வண்டியேறிக் கொழும்புக்குச் சென்று, விடியற்காலையில் கோட்டைப் புகையிரத நிலையத்தில் முகம் கழுவிக்கொண்டு, ஒரு தூதரகத்தின் வாசலிலே நிற்க வேண்டியிருக்கிறது.

விசா கொடுப்பவர் தூதுவர் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் அல்லர், கொன்சல் பிரிவு உத்தியோகத்தரே அதற்குரியவர். 1963 ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, கொன்சலின் பணிகளுள் விசா வழங்குவதையும் ஒன்றாக எண்ணுகிறது. நாட்டுக்கு நாடு முறை வேறுபடும். நால்வரில் மூவர் அமெரிக்காவுக்கு விண்ணப்பித்திருப்பதால் அந்நாட்டு முறையையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, படிவம். டி.எஸ். 160 என்னும் அப்படிவத்தைக் கணினியில் நிரப்ப வேண்டும். விடைகளை ஆங்கிலத்திலேயே எழுத வேண்டும். 2019 முதல், கடந்த ஐந்து ஆண்டுகளிற் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களையும் கேட்கிறார்கள். புகைப்படம் இரண்டு அங்குலச் சதுரம், வெள்ளைப் பின்னணி, ஆறு மாதத்துக்குள் எடுத்தது. 2016 நவம்பர் முதல் மூக்குக்கண்ணாடியும் அணியலாகாது. கட்டணம் 2023 ஜூனில் 160 டொலரிலிருந்து 185 டொலராக உயர்ந்தது. விசா கிடையாவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. இது ஒரு மீன்பிடிக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய தொகை என்பதை இங்கே இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நம்மவரைப் பெரிதும் அலைக்கழிப்பது பெயர். தகப்பன் பெயரை முன்னே வைத்துத் தன் பெயரைப் பின்னே வைப்பது நம் வழக்கம். படிவமோ குடும்பப் பெயர் யாது, இடுபெயர் யாது என்று கேட்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? ஆதலால் கடவுச்சீட்டில் எப்படிப் பிரித்து அச்சிட்டிருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். உங்கள் விருப்பப்படி மாற்ற வேண்டாம். எழுத்துக் கூட்டுவதிலும் தொல்லை உண்டு. தர்மலிங்கம் என்ற பெயர் பரீட்சைச் சான்றிதழில் 'டீ, எச்' என்று தொடங்கும். வங்கிப் புத்தகத்தில் 'எச்' இல்லாமல் வெறும் 'டீ' என்று நிற்கும். தகப்பனார் ஒருவரே என்று நமக்குத் தெரியும், கண்ணாடிக்கு அப்பால் இருப்பவருக்குத் தெரியாது. இடம்பெயர்ந்த காலத்திலே பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைத் தொலைத்தவர்களும், 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தபோது பெட்டியோடு இழந்தவர்களும் நம்மிடையே பலர். அவர்கள் பிரதேச செயலகத்திற் பிரதி எடுப்பதை நேர்காணலுக்கு முந்திய வாரம்வரை தள்ளிப்போடலாகாது. தமிழிலுள்ள பத்திரத்தைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலத்தில் ஆக்குவித்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நேர்காணல். மேசை, நாற்காலி, தேநீர் என்று யாரும் கற்பனை செய்ய வேண்டாம். கைத்தொலைபேசியை உள்ளே விடமாட்டார்கள். பத்து விரல்களின் அடையாளமும் எடுப்பார்கள். பின்னர் ஒரு ஜன்னல், நடுவே தடித்த கண்ணாடி. நீங்கள் நின்றபடியே பேசுவீர்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுவதும் உண்டு. காணி உறுதி, வங்கிக் கூற்று, சேமலாப நிதிப் பத்திரம் என்று ஒரு பெரிய கோவையைக் கொண்டுபோவீர்கள். அதைத் திறக்காமலே கதை முடிந்துபோகலாம்.

ஏன் இப்படி என்பதை விளங்கிக்கொண்டால் பாதிப் பயம் நீங்கும். வழக்குமன்றத்திலே குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவன் குற்றமற்றவன். விசா ஜன்னலிலே நிலைமை தலைகீழ். 1952 ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவு, குடியுரிமைச் சட்டத்தின் 214 (பி) பிரிவின்படி, மாணவனாகவோ பார்வையாளனாகவோ விண்ணப்பிப்பவன் அங்கேயே குடியேற வருகிறவன் என்றுதான் உத்தியோகத்தர் முதலிற் கொள்ள வேண்டும். அப்படியன்று என்று காட்டும் பாரம் நம்முடையது. ஆகவே அவர் முகங் கடுத்திருந்தால், தமிழன் என்பதாலோ மூதூரான் என்பதாலோ என்று உள்ளம் நோகாதீர்கள். இந்தக் கல்லூரி ஏன், செலவு செய்பவர் யார், படித்தபின் என்ன செய்வாய் என்று கேட்பார். இந்த மூன்றுக்கும் உங்களிடத்தில் உண்மையான விடை இருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் அதைத் தேடுங்கள். விசாவைப் பிறகு தேடலாம்.

நிற்க. இப்பொழுது என் கதை.

என் தமையனார் ஒரு வெளிநாட்டிற் குடியேறியிருந்தார். நாட்டின் பெயர் வேண்டாம். அவருக்கு நோய் கடுமை என்று அறிந்து, பார்த்துவர விண்ணப்பித்தேன். படிவத்தை ஓர் ஏஜென்சிக்காரர் நிரப்பினார். "அந்த நாட்டில் உறவினர் உண்டா" என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதினார். உண்டு என்றால் அங்கேயே நின்றுவிடுவீர்கள் என்று நினைப்பார்கள் என்றார். எனக்கு அது உறுத்தியது. ஆயினும் விடயம் தெரிந்தவர் சொல்கிறாரே என்று கையொப்பமிட்டேன். புறப்படுமுன் பத்திரகாளி அம்மன் வாசலிலே தேங்காயும் உடைத்தேன். அம்மனுக்கு முன்னால் நின்றபோதுகூட அந்த 'இல்லை' என்ற சொல்லை நான் நினைக்கவில்லை.

ஜன்னலுக்கு அப்பால் இருந்தவர் கேட்ட முதற் கேள்வியே, "உங்கள் சகோதரர் எங்கே இருக்கிறார்?" என்பது. தமையனார் முன்னொருகால் எழுதிக் கொடுத்த பத்திரங்களில் என் பெயர் இருந்திருக்கிறது. என் நாக்கு எழவில்லை. அவர் கோபிக்கவும் இல்லை. ஒரு கடிதத்தை நீட்டினார். சில வருடங்களுக்கு அந்நாட்டுக்கு விண்ணப்பிக்க முடியாதவனாகத் திரும்பினேன். அதற்குள்ளே தமையனார் காலமானார். தகனக் கிரியையை மகனுடைய கைத்தொலைபேசியிலே பார்த்தேன்.

ஏஜென்சிக்காரரைக் குறைகூறிப் பயனில்லை. கையொப்பம் என்னுடையது.

இளைஞர்களே, மறுப்பில் இருவகை உண்டு என்பதைப் பிரித்தறிந்துகொள்ளுங்கள். 214 (பி) யின்கீழ் மறுத்தால் அது அன்றைக்கு மட்டுமான மறுப்பு. மேன்முறையீடு கிடையாது, ஆனால் நிலைமை மாறியபின் புதிதாக விண்ணப்பிக்கலாம். பொய்யுரைத்தோ போலிப் பத்திரம் காட்டியோ பிடிபட்டால் அது வேறு. அமெரிக்கச் சட்டத்தில் அது வாழ்நாள் முழுதும் தொடரும் தடை. விசேட விலக்குக் கிடைத்தாலன்றி நீங்காது. கனடா 2014 இல் அத்தடையை இரண்டாண்டிலிருந்து ஐந்தாண்டாக்கிற்று. பிரித்தானியாவிற் பத்து ஆண்டு வரை போகும். அடுத்த முறை படிவத்திலே "முன்னர் மறுக்கப்பட்டதுண்டா" என்றும் கேட்பார்கள். அதற்கும் ஓம் என்றே எழுத வேண்டும்.

உண்மை சொன்னால் விசா நிச்சயம் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் இந்த மேடையில் நின்று இன்னொரு பொய் சொன்னவனாவேன். நல்ல பிள்ளைகள், நேரான பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பியதை அறிவேன். இரண்டு நிமிடத்தில் ஒரு மனிதனை எடைபோடும் முறை எனக்கு உவப்பானதும் அன்று. சொத்துள்ளவன் சொல்லுக்கு அங்கே பாரம் கூட. ஆயினும் உண்மை சொன்னவன் மறுபடியும் அந்த ஜன்னலுக்குப் போகலாம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். நேர்காணல் முடிந்து பிள்ளை வெளியே வந்தவுடன் "கிடைத்ததா" என்று ஊரெல்லாம் தொலைபேசி எடுக்க வேண்டாம். ஒரு தேநீராவது குடிக்க விடுங்கள்.

நமது வாசிகசாலையில் சனிக்கிழமை மாலைகளில் நான் இருப்பேன். படிவத்தின் பிரதியைக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு விடையையும் நான் உரக்க வாசிப்பேன். இது உண்மைதானா என்று கேட்பேன். நால்வரில் ஒரு பிள்ளை அடுத்த வாரம் இரவு வண்டியிற் போகிறாள். இன்னும் அவள் என்னிடம் வரவில்லை. இந்தக் கூட்டம் கலையுமுன் அவளை ஒருமுறை கண்டு பேச விரும்புகிறேன்.