வெளிநாட்டு வேலையும் சம்பளக் கணக்கும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெளிநாட்டு வேலையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பயணம் செல்பவருக்கே அறிவுரை கூறுகின்றனர். இந்த அவையிலோ, செல்பவர்களுடன் அவர்களை அழைத்துக்கொள்பவர்களும் அமர்ந்திருக்கிறீர்கள். மலேசியாவில் உணவகமும் கடையும் நடத்துவோர், பாலக்கரையிலிருந்தும் உறையூரிலிருந்தும் ஆற்றுக்கு அப்பால் ஸ்ரீரங்கத்திலிருந்தும் பிள்ளைகளை வேலைக்கு எடுக்கின்றனர். "நம்ம பையன்தானே" என்னும் ஒரே சொல்லில் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. பின்னர் மனக்கசப்பு வரும்போது அது நம் பள்ளி நிர்வாகத்தின் முன் வழக்காக வந்து நிற்கிறது. ஆகவே இன்று முதலாளிகளை நோக்கியே அதிகம் பேச விரும்புகிறேன்.

முதலில் நம் நாட்டுச் சட்டம். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெற்ற முகவர் வழியாகவோ, உரிய அனுமதி பெற்றோ மட்டுமே வெளிநாட்டு முதலாளி இங்கிருந்து ஆள் எடுக்கலாம். உறவினர் என்பதற்காக இதில் விலக்கு இல்லை. முகவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான். அதற்கு இரசீதும் தர வேண்டும். இலட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு இரசீது கேட்கக் கூச்சப்படுகிறோமே, அது ஏன் என்று எனக்கு இன்றளவும் விளங்கவில்லை.

மலேசியாவில் நிலைமை அண்மைக் காலத்தில் வெகுவாக மாறியுள்ளது. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட்; ஐந்து பேருக்கும் குறைவாக வைத்திருக்கும் சிறு கடைகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்டு முதல் இது பொருந்துகிறது. 2023 முதல் வாரத்திற்கு 45 மணி நேரமே வழக்கமான வேலை நேரம். அதற்கு மேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி உண்டு. 1,700 ரிங்கிட்டை 26 நாட்களாலும், பின் 8 மணியாலும் வகுத்து ஒன்றரையால் பெருக்கினால், ஒரு மணி நேர மிகைவேலைக்கு ஏறத்தாழ 12 ரிங்கிட் 26 காசு வரும். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வீதம் 26 நாட்கள் என்றால் 637 ரிங்கிட்டுக்கு மேல். உணவகத்தில் கடை திறந்தது முதல் அடைக்கும் வரை நிற்கின்ற பிள்ளைக்கு இத்தொகை எழுதப்படுகிறதா என்பதை அவரவர் பேரேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சம்பளம் போக வேறு கடமைகளும் உள. வெளிநாட்டுத் தொழிலாளிக்கான லெவியை 2018 முதல் முதலாளியே ஏற்க வேண்டும். 2019 முதல் பெர்க்கெசோ என்னும் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் அவரைச் சேர்த்தாக வேண்டும். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து சேமநிதிக்கு முதலாளி 2 விழுக்காடும் தொழிலாளி 2 விழுக்காடும் செலுத்துவது கட்டாயமாயிற்று. கடவுச்சீட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பது அந்நாட்டில் குற்றம்.

நம்மவரிடையே ஒரு வழக்கம் உண்டு. சம்பளத்தைப் பையன் கையில் தராமல், ஊரில் அவன் அத்தாவிடம் சேர்ப்பித்துவிடுவது. நல்லெண்ணத்தில் செய்வதாகவே இருக்கலாம். ஆனால் ஊதியம் தொழிலாளியின் வங்கிக் கணக்கில், மறுமாதம் ஏழாம் தேதிக்குள் சேர வேண்டும் என்பதே அங்குள்ள விதி. தொழிலாளர் இலாகாவின் முன் வழக்கு வந்தால், ஊரில் கொடுத்த பணத்திற்கு முதலாளியிடமும் சான்று இராது. பெற்றதற்குத் தொழிலாளியிடமும் சான்று இராது. இருவரையும் கெடுக்கும் ஏற்பாடு இது.

சிங்கப்பூர் செல்வோருக்குப் புறப்படும் முன்பே அனுமதிக் கடிதம் தாய்மொழியில் வந்துவிடும். அதில் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். அதைப் படிக்காமல் விமானம் ஏறாதீர்கள்.

வளைகுடாவில் கவனிக்க வேண்டியது அடிப்படைச் சம்பளம். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி, முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகும். அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு 30 நாள். இருவருக்கு மொத்தம் 1,500 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருடைய ஒப்பந்தத்தில் முழுவதும் அடிப்படைச் சம்பளம். மற்றவருக்கு 600 மட்டுமே அடிப்படை, மீதி 900 படிகள். ஐந்தாண்டு கழித்து முன்னவர் 5,250 திர்ஹம் பெறுவார். பின்னவர் 2,100 மட்டுமே. மாதந்தோறும் வீட்டிற்கு வந்த தொகையில் வேறுபாடே தெரிந்திராது. பணி முடிந்த 14 நாட்களுக்குள் இத்தொகை தரப்பட வேண்டும். ஆள்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் வசூலிப்பதையும் அச்சட்டம் தடுக்கிறது.

ஒப்பந்தத்தின் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடாவிற்கோ மலேசியாவிற்கோ செல்லக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அதனுடன் 10 இலட்ச ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் எடுக்க வேண்டும். சுற்றுலா விசாவில் சென்று அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று கூறுவோரிடம் இவ்விரண்டையும் பற்றிக் கேளுங்கள். அவர்கள் கூறும் விடையிலிருந்தே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.