நவம்பர் 23: ஒரு தேதி சொல்லும் மழைப் பாடம்

(பெரம்பலூர், அரியலூர் மாவட்ட ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தினமும் காலையில் கரும்பலகையின் மூலையில் தேதி எழுதுகிறோம். எழுதிய பிறகு அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்று அப்படி ஒரே ஒரு தேதியை மட்டும் எடுத்துக்கொண்டு பேச வந்திருக்கிறேன். அது நவம்பர் 23. இந்த இரண்டு மாவட்டங்களில் பணியாற்றும் நாம் அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய தேதி. அந்தத் தேதியின் நான்கு மழைச் செய்திகளை முதலில் சொல்கிறேன். அவற்றை வைத்து வகுப்பறையில் என்ன செய்யலாம் என்பதைப் பிறகு பார்ப்போம்.

முதல் செய்தி நம் ஊருடையது. ஆண்டு 1956. மொழிவாரி மாநிலங்கள் அமைந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சென்னையிலிருந்து முந்தைய இரவு கிளம்பிய தூத்துக்குடி விரைவு ரயில், நவம்பர் 23 விடியற்காலையில் அரியலூரைத் தாண்டிச் சென்றது. கனமழையால் ஆறுகளில் வெள்ளம். அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றுப் பாலத்தை வெள்ளம் அரித்திருந்தது. இருட்டில் வந்த ரயிலின் இஞ்சினும் முன்பக்கப் பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. 140க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் தூக்கத்தில் இருந்திருப்பார்கள்.

மருதையாற்றை உங்களுக்குத் தெரியும். பச்சைமலைப் பக்கம் தொடங்கி, பெரம்பலூர் மாவட்டத்தின் வழியாக வந்து, அரியலூர்ப் பகுதியைக் கடந்து கொள்ளிடத்தில் சேர்கிறது. கோடையில் பல இடங்களில் செருப்பு நனையாமல் கடந்துவிடலாம். நாட்டின் பெரிய ரயில் விபத்துகளில் ஒன்றுக்குக் காரணமான ஆறு இதுதான் என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அந்த நம்பாமையில்தான் ஆபத்து இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்த விபத்துக்குப் பின் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். துணை அமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசனும் விலகினார். அதே ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகர் அருகே பாலம் இடிந்து ரயில் கவிழ்ந்து 100க்கும் மேற்பட்டோர் இறந்தபோதே சாஸ்திரி விலக முன்வந்தார். பிரதமர் நேரு அப்போது அதை ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். சாஸ்திரி மீது குற்றம் இருப்பதாகக் கருதி ஏற்கவில்லை என்றும், மக்களாட்சிக்கு அது நல்ல முன்மாதிரியாக இருக்கும் என்பதாலேயே ஏற்பதாகவும் நாடாளுமன்றத்தில் நேரு விளக்கினார். பாடநூலில் சாஸ்திரியைப் பற்றிய பாடம் வரும்போது, அந்தப் பாலம் நம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

இரண்டாவது செய்தி கடலுக்கு அந்தப்பக்கம். 1978 நவம்பர் 23. வங்கக் கடலில் உருவான கடும் புயல் இலங்கையின் கிழக்குக் கரையில் மட்டக்களப்பைத் தாக்கியது. 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. தென்னை விழுந்தால் மறுபடி காய்க்க எத்தனை ஆண்டு ஆகும் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் புயல் இலங்கையைக் கடந்து மறுநாள் நம் இராமநாதபுரம் கரைக்கு வந்தது.

மூன்றாவது செய்தி 2015 நவம்பர் 23. அன்று மாலை கொட்டிய மழையில் சென்னைச் சாலைகள் குளமாயின. வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்ப நள்ளிரவானது. அடுத்த வாரம், டிசம்பர் தொடக்கத்தில் அடையாற்றில் வந்த பெருவெள்ளம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஏரிகளும் மண்ணும் நவம்பரிலேயே நிறைந்துபோயிருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நான்காவது செய்தியில் சாவு எண்ணிக்கை பெரிதாக இல்லை. அதனாலேயே அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2020 நவம்பர் 23 அன்று வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இருந்தது. மறுநாள் அது நிவர் புயலானது. 25ஆம் தேதி நள்ளிரவையொட்டி புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடக்கும் முன்பே வானிலை ஆய்வு மையம் பாதையைச் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முகாம்களுக்குப் போய்விட்டார்கள். 1956இல் இஞ்சின் ஓட்டுநருக்குச் சில நூறு மீட்டர் முன்னால் இருந்த ஆபத்து தெரியவில்லை. 2020இல் நமக்கு இரண்டு நாள் முன்னதாகவே தெரிந்தது.

இந்த நான்கையும் கேட்டதும் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "சார், அப்போ நவம்பர் 23 ராசியில்லாத நாளா?" இந்தக் கேள்வி வந்தால் சந்தோஷப்படுங்கள். பாடம் இங்கேதான் தொடங்குகிறது. பெரம்பலூரிலிருந்து பிரிந்து அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானது 2007 நவம்பர் 23. நம் மாவட்டத்தின் பிறந்தநாளே அதுதான் என்று சொல்லுங்கள். பிறகு அவர்களையே ஏப்ரல் 23ஐத் தேடச் சொல்லுங்கள். நவம்பர் 20, நவம்பர் 26 ஆகியவற்றையும் தேடச் சொல்லுங்கள். ஏப்ரலில் தமிழ்நாட்டுக் கரைக்குப் புயல் வந்த செய்தி கிடைப்பது அரிது. நவம்பரில் எந்தத் தேதியைத் தொட்டாலும் ஏதாவது கிடைக்கும். தேதியை விட்டுவிட்டுப் பருவத்தைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே அவர்களுக்குப் புரிந்துவிடும்.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அதிலும் நவம்பர்தான் உச்சம். புயல் உருவாகக் கடல்நீர் 26 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவத்திலும் வங்கக் கடல் சூடாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்போது கீழே ஒரு திசையிலும் மேலே எதிர்த்திசையிலும் காற்று வேகமாக வீசுவதால், எழும்பும் மேகக் கோபுரம் கலைந்துபோகிறது. நவம்பரில் அந்த முரண் குறைகிறது. கிழக்குக் காற்று அந்தச் சுழலை நம் கரைக்குத் தள்ளிக்கொண்டு வருகிறது.

கணக்கு ஆசிரியர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். அப்படியானால் ஒரு சதுர கிலோமீட்டரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால்? 10 கோடி லிட்டர். 10,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் ஏற்றினால் 10,000 லாரிகள். ஒரு கிராமத்து வயல்வெளியில் மட்டும் இவ்வளவு. ஐப்பசி முழுக்க நனைந்த கரிசல் மண் இதற்குமேல் குடிக்காது. பெய்ததில் பெரும்பகுதி ஓடைக்குத்தான் வரும். மலைப்பக்கம் பெய்த மழை, நம் ஊரில் வெயில் அடிக்கும்போதும் வந்து சேரலாம்.

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒன்று. ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. முழங்கால் அளவு வேகமாக ஓடும் நீர் பெரியவர்களையே சாய்த்துவிடும். மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அந்த நீர் தொடையளவு.

இப்போது முன்பு விட்ட இடத்துக்கு வருகிறேன். காவிரியையும் கொள்ளிடத்தையும் கண்டு எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆண்டில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும் ஓடையைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. நம் பிள்ளைகள் நடந்தும் சைக்கிளிலும் கடந்து வரும் தரைப்பாலங்கள் அந்த ஓடைகள் மேல்தான் இருக்கின்றன. காலையில் கணுக்கால் அளவு தண்ணீரில் கடந்து வந்த பிள்ளை, மாலை நாலரை மணிக்கு அதே இடத்தில் அதே ஓடைதானே என்று இறங்கும். நம்மிடம் படிக்கும் பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

ஆகவே அக்டோபர் முதல் வாரத்திலேயே நான்கு வேலைகளைச் செய்யலாம். செலவு எதுவும் இல்லை.

முதலில், ஓடையைக் கடந்து வரும் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல். வகுப்புவாரியாக எழுதித் தலைமையாசிரியர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடுங்கள். மழை வலுக்கும் மாலையில் இந்தப் பிள்ளைகளை யாருடன் அனுப்புவது, அல்லது எங்கே நிறுத்திவைப்பது என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, வெள்ளக் கோடு. ரயில்வே பாலத்தின் தூண்களில் அபாய அளவு குறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "தண்ணீர் எதுவரை வந்தது?" என்று பிள்ளைகள் தங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு வரட்டும். கோயில் படி, வேப்பமரம், டீக்கடைத் திண்ணை என்று பதில் வரும். அவற்றை ஊர் வரைபடத்தில் ஒரு நீலக்கோட்டால் இணையுங்கள். எந்த அலுவலகத்திலும் கிடைக்காத வரைபடம் உங்கள் வகுப்பில் இருக்கும்.

மூன்றாவது, மழைமானி. பக்கங்கள் நேராக, அடி தட்டையாக உள்ள ஒரு டப்பாவும் ஓர் அளவுகோலும் போதும். தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து எழுதட்டும். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் திருக்குறளுக்கும் செய்திக்கும் பிறகு ஒரு பிள்ளை அந்த அளவை வாசிக்கட்டும்.

நான்காவது, 1077 என்ற எண். மாவட்ட அவசரகாலக் கட்டுப்பாட்டு அறைக்கு இலவசமாகப் பேசலாம். அதையும் கிராம நிர்வாக அலுவலரின் எண்ணையும் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள்.

சாஸ்திரி அந்த மழையைப் பெய்விக்கவில்லை. பாலத்தைக் கட்டியதும் அவர் இல்லை. ஆனாலும் தன் பொறுப்பில் இருந்த பயணிகளுக்குத் தானே பதில் சொல்ல வேண்டும் என்று கருதினார். பள்ளி மணி அடிக்கும்வரை பிள்ளைகள் நம் பொறுப்பு என்று விதி சொல்லலாம். மழைக்காலத்தில் வீட்டுப் படியேறும்வரை அவர்கள் நம் பொறுப்பு என்று நான் சொல்வேன். இந்த நவம்பர் 23 அன்று கரும்பலகையில் தேதி எழுதியதும் மருதையாற்றுக் கதையைச் சொல்லுங்கள். சொல்லி முடித்த கையோடு, உங்கள் ஊர் ஓடையைத் தினமும் யார் யார் கடந்து வருகிறார்கள் என்று கேட்டு, கை தூக்குபவர்களை எண்ணிக்கொள்ளுங்கள்.