பிள்ளையைக் காத்திருக்க வைக்காதீர்கள்

(பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் மண்டபத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



நடக்கவும் பேசவும் தாமதிக்கின்ற பிள்ளைகள், காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகள், மற்றவர்களைப் போல விரைந்து கற்க இயலாத பிள்ளைகள் ஆகியோருக்கு எங்கே சிகிச்சை கிடைக்கும், எங்கே பள்ளி கிடைக்கும் என்பதைப் பற்றிப் பேச வந்துள்ளேன். அதற்கு முன், நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

தகவல் இலாகாவில் சேர்வதற்கு முன் நான் ஆசிரியனாக இருந்தவன். பயிற்சியை முடித்துக்கொண்டு 2003ஆம் ஆண்டில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு வகுப்பை ஏற்றேன். கடைசி வரிசையில் ஒரு பையன் இருந்தான். கரும்பலகையில் உள்ளதை அச்சுப்போல எழுதுவான். ஆனால் சொல்வதெழுதுதல் என்றால் அவன் தாள் வெறுமையாக இருக்கும். அவன் தாயாரை அழைத்து விசாரித்தேன். "என்ன சொன்னாலும் கேட்பதே இல்லை, சார். நீங்களே அடித்துத் திருத்துங்கள்" என்றார். நானும் அவன் அடம்பிடிக்கின்றான் என்றே நம்பினேன். ஒருநாள் வகுப்பின் பின்புறம் ஒரு தகர டின் தடாலென விழுந்தது. முப்பது பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தனர். அவன் ஒருவன் மட்டும் எழுதிக்கொண்டே இருந்தான். அந்தத் தாய் சொன்ன சொல்லின் மெய்யான பொருள் அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. அவனுக்குக் கேட்கவேயில்லை.

மருத்துவமனையில் இரு காதுகளிலும் குறை என்று கண்டுபிடித்துக் கேட்கும் கருவி கொடுத்தார்கள். அப்பொழுது அவனுக்கு எட்டு வயது. "ஏன் இவ்வளவு காலம் விட்டீர்கள்?" என்று மருத்துவர் கேட்டபோது தாயாரும் நானும் தலைகுனிந்து நின்றோம். கருவி வந்த பின்னர் அவன் நன்றாகவே படித்தான். ஆனால் பேச்சு முழுத்தெளிவுக்கு வரவில்லை. பேச்சைக் கற்கும் மூளையின் பருவம் முதல் சில ஆண்டுகளே. அந்த ஆண்டுகள் ஓசையின்றிக் கழிந்துவிட்டன. அவற்றுக்குப் பின்னும் ஆறு மாதங்கள் என் வகுப்பில் அவ்வாறே கழிந்தன.

ஆகவே எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை முதலில் சொல்கின்றேன். ஆறேழு மாதக் குழந்தை ஓசை வந்த பக்கம் திரும்ப வேண்டும். ஒன்பது மாதத்தில் பிடிப்பின்றி உட்கார வேண்டும். ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் முகம் பார்க்க வேண்டும். ஒன்றரை வயதில் நடக்க வேண்டும். சில சொற்களாவது வர வேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என இரு சொற்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வந்த சொல் நின்றுபோனால் அது எந்த வயதாயினும் உடனே காட்ட வேண்டிய அறிகுறியாகும். பிறந்தவுடன் மஞ்சள் காமாலை கடுமையாக வந்த குழந்தை, குறைமாதத்தில் பிறந்த குழந்தை, பிறந்ததும் அழாத குழந்தை ஆகியோரிடம் இன்னும் கூடுதலாகக் கண் வைத்திருங்கள்.

"அவன் அப்பனும் நான்கு வயதில்தான் வாய் திறந்தான்" என்று வீட்டுப் பாட்டிமார் சொல்வதுண்டு. இருக்கலாம். தாமதமாகப் பேசும் பிள்ளைகளில் சிலர் தாமாகவே தேறிவிடுவதும் மெய்தான். ஆனால் எந்தப் பிள்ளை தேறும், எந்தப் பிள்ளை தேறாது என்பதைப் பாட்டியும் அறியார், நானும் அறியேன், பரிசோதித்தால்தான் தெரியும். பரிசோதித்த பின் ஒன்றுமில்லை என்றால் மகிழ்ச்சியோடு வீடு திரும்பலாம். மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வதையோ, தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் பால்குடம் எடுப்பதையோ நான் தடுக்க வரவில்லை. என் வீட்டிலும் உண்டு. நேர்த்திக்கடன் நிறைவேறட்டும், பிறகு கிளினிக்குக்குப் போகலாம் என்று ஓராண்டைக் கழிப்பதைத்தான் வேண்டாம் என்கின்றேன்.

முதற்படி அரசாங்கச் சுகாதார கிளினிக். தடுப்பூசி போடும்போது கொடுத்த குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகம் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும். அதை எடுத்துச் செல்லுங்கள். ஒன்றரை வயதிலும் மூன்று வயதிலும் ஆட்டிசம் என்னும் குறை உண்டா என அறிய, எம்-சாட் என்ற கேள்வித்தாளைக் கொண்டு தாதியர் கேள்வி கேட்பார்கள். வரிசை நீளமாக இருக்கின்றதே என்று எல்லாவற்றிற்கும் "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டு வராதீர்கள். பிள்ளை விரலால் சுட்டிக் காட்டுகின்றானா என்று கேட்டால், வீட்டில் பார்த்ததை உள்ளபடியே சொல்லுங்கள். ஐயம் இருந்தால் மருத்துவர் பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுப்பார். கடிதம் கொடுக்கவில்லையெனில் கேட்டு வாங்குங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அன்று.

மருத்துவமனையில் மூவகைச் சிகிச்சையாளரைக் காண்பீர்கள். கை கால் அசைவையும் நிற்பதையும் நடப்பதையும் பார்ப்பவர் பிசியோதெரபிஸ்ட். உண்ணுதல், உடுத்துதல், பென்சில் பிடித்தல் முதலிய அன்றாடச் செயல்களைப் பழக்குபவர் செயல்வழிச் சிகிச்சையாளர். பேச்சையும், பிள்ளை மெல்லுவதையும் விழுங்குவதையும் கவனிப்பவர் பேச்சுச் சிகிச்சையாளர். இவர்களைக் காணும் தவணைகள் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தள்ளி வரும். அரை மணி நேரச் சிகிச்சை ஒரு பிள்ளையை மாற்றிவிடாது. அங்கே கற்றுக்கொடுப்பதை நீங்கள் வீட்டில் நாள்தோறும் செய்வதே சிகிச்சை. ஆகவே அங்கே சென்றால், "இதை வீட்டில் எப்படிச் செய்வது, என் கையால் செய்து காட்டட்டுமா?" என்று கேட்டுச் செய்து பார்த்துவிட்டு வாருங்கள்.

இதற்குப் பணம் கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. குளிப்பாட்டும்போது கை, கால், மூக்கு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். பிள்ளை தண்ணீரைக் கண்ணால் காட்டினால் உடனே ஊற்றிக் கொடுத்துவிடாமல், "தண்ணி" என்று சொல்லி, அவன் வாய் அசையும் வரை சற்றுப் பொறுத்திருங்கள். பூண்டு உரித்தலும், சட்டைப் பொத்தான் மாட்டுதலும் விரலுக்கு நல்ல பயிற்சி. கால்கள் விறைத்துக் கத்தரிபோல ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொள்ளும் பிள்ளையை, நம் தாய்மார் வழக்கமாகச் செய்வதுபோல், கால்களை அகற்றி இடுப்பில் வைத்துத் தூக்குவது நல்லது. இரு கைகளிலும் படுக்க வைத்து ஏந்தினால் விறைப்பு அப்படியே இருக்கும். எந்தப் பிள்ளைக்கும் மல்லாக்கப் படுக்க வைத்துச் சோறு ஊட்டக் கூடாது. உணவு மூச்சுக்குழலில் இறங்கிவிடும். நிமிர்த்தி உட்கார வைத்து, தலை சற்றே முன்னோக்கி இருக்குமாறு ஊட்டுங்கள்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. சிகிச்சையாளர் மலாயில் பேசுகின்றார் என்பதற்காக, வீட்டிலும் தமிழை விட்டுவிட்டு அரைகுறை மலாயில் பிள்ளையோடு பேசுகின்ற பெற்றோரைக் கண்டிருக்கின்றேன். அது வேண்டாம். தாய்க்கு எந்த மொழி சரளமாக வருமோ அந்த மொழியில்தான் பிள்ளை மிகுதியாகக் கேட்கும். இரு மொழிகளைக் கேட்பதால் பேச்சுக் குறை உண்டாவதில்லை.

மருத்துவமனைக்குப் போனால் அன்றைய பேர் போய்விடுமே என்று நீங்கள் எண்ணுவது எனக்குத் தெரிகின்றது. மழை பெய்து வெட்டு நின்ற நாளில் போகலாம் என்றால், தவணை மழையைப் பார்த்து வருவதில்லை. பிற்பகல் தவணை உண்டா என்று கேளுங்கள். வந்து சென்ற நேரத்தைக் குறித்த சீட்டை வாங்கிக் கிராணியிடம் காட்டுங்கள். அது அன்றைய சம்பளத்தைத் தந்துவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன்; காரணமின்றி வரவில்லை என்ற பேச்சு எழாமல் காக்கும்.

தொலைவு செல்ல இயலாதவர்களுக்குப் பி.டி.கே. என்னும் சமூக மறுவாழ்வு நிலையங்கள் இருக்கின்றன. சமூகநல இலாகா இதனை 1984ஆம் ஆண்டில் திரெங்கானு மாநிலத்துப் பத்து ராக்கிட்டில் தொடங்கியது. இன்று நாடெங்கும் 500க்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. உடற்பயிற்சி, பேச்சு, தானே உண்ணவும் உடுத்தவும் பழகுதல் எல்லாம் அங்குக் கற்பிக்கப்படுகின்றன. படுக்கையிலிருக்கும் பிள்ளையைப் பயிற்றுநர் வீட்டிற்கே வந்து பார்க்கும் ஏற்பாடும் உண்டு.

அடுத்தது ஓ.கே.யூ. அட்டை. மருத்துவர் படிவத்தில் சான்றளித்த பின், மாவட்டச் சமூகநல இலாகாவில் பதிந்து பெறுவது. பலர் இதற்குத் தயங்குகின்றனர். "அட்டை எடுத்தால் முத்திரை குத்தியது போலாகுமே, நாளை அவள் அக்காளுக்கு மாப்பிள்ளை வருவானா?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. ஆயினும் அட்டை இல்லாததால் அந்தப் பிள்ளையின் குறை யாருக்கும் தெரியாமல் போய்விடவில்லை. தோட்டம் முழுவதற்கும் தெரியும். தெரியாமல் இருந்தது உதவி தரும் அலுவலகங்களுக்கு மட்டுமே. அட்டை உள்ளவருக்கு அரசாங்க மருத்துவமனையில் வெளிநோயாளர் சிகிச்சைக்கும் மூன்றாம் வகுப்பு வார்டுக்கும் கட்டண விலக்கு உண்டு. சிறப்புக் கல்வி வகுப்பில் பயிலும் தகுதியுள்ள மாணவருக்கு மாதம் 150 வெள்ளி உதவித்தொகை உண்டு.

ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லையென்றால் இவற்றுள் எதுவும் நகராது. தோட்டங்களில் இன்னும் நான் காணும் பெருங்குறை இதுவே. பத்திரம் இல்லாத பிள்ளை வீட்டில் இருந்தால், மற்ற எதற்கும் முன்னதாகத் தேசியப் பதிவிலாகாவுக்குப் போங்கள்.

இனிப் பள்ளி. கண் தெரியாதோர்க்கும் காது கேளாதோர்க்கும் நம் நாட்டில் சுதந்திரத்திற்கு முன்பே பள்ளிகள் இருந்தன. ஜொகூர் பாருவில் பார்வையற்றோர்க்கான பிரின்சஸ் எலிசபெத் பள்ளி 1948இலும், பினாங்கில் செவித்திறன் அற்றோர்க்கான பள்ளி 1954இலும் தோன்றின. ஆனால் கற்றல் குறையுள்ள பிள்ளைகளுக்குச் சாதாரணப் பள்ளியில் சிறப்பு வகுப்பு தொடங்கியது 1988இல்தான். அதற்கு முன் அத்தகைய பிள்ளை வீட்டிலேயே இருந்தான். "இப்படிப்பட்டவன் பள்ளிக்கூடம் போய் என்ன செய்வான்?" என்று பெரியவர்கள் கேட்பது கல்நெஞ்சத்தால் அன்று, அவர்கள் காலத்தில் போவதற்கு இடமே இருக்கவில்லை.

இப்பொழுது இடம் இருக்கின்றது. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், குறையைக் காரணம் காட்டிப் பொதுக்கல்வியிலிருந்து எவரையும் விலக்கலாகாது என்கின்றது. 2019 முதல் கல்வி அமைச்சு எந்தப் பிள்ளையையும் மறுக்காக் கொள்கையை நடைமுறைப்படுத்தி வருகின்றது. முதலில் மூன்று மாதத்திற்கு மேற்படாத தகுதிகாண் காலம் உண்டு. எவ்வகுப்பு பிள்ளைக்குப் பொருந்தும் என்று அறிவதற்கே அது. சிறப்பு வகுப்பு உள்ள தமிழ்ப்பள்ளிகள் சிலவே. அருகில் இல்லையெனில் தேசியப் பள்ளியின் சிறப்பு வகுப்பில் சேர்க்கத் தயங்க வேண்டாம். இதைச் சொல்லத் தமிழாசிரியனாக இருந்த எனக்கு வருத்தமே. ஆயினும் எந்தப் பள்ளிக்கும் போகாத பிள்ளை எந்த மொழியையும் கற்கப் போவதில்லை.

"இங்கே இடமில்லை" என்று எவரேனும் வாய்மொழியாகச் சொன்னால் சண்டையிட வேண்டாம். யார் சொன்னார், எந்த நாளில் சொன்னார் என்று குறித்துக்கொண்டு, நேரே மாவட்டக் கல்வி இலாகாவின் சிறப்புக் கல்விப் பிரிவுக்குச் செல்லுங்கள். முதலாம் ஆண்டுக்கான பதிவு முன்கூட்டியே நடப்பதால், பள்ளி திறக்கும் வாரத்தில் ஓடுவது பயன்படாது.

ஆயாக் கொட்டகை ஆயாமார் இங்கே இருவர் வந்திருக்கின்றீர்கள். தாய் வெட்டுக்குப் போன பின், விடியற்காலை முதல் பிள்ளையைப் பார்ப்பவர் நீங்களே. எந்தக் குழந்தை அழைத்தால் திரும்பவில்லை, எந்தக் குழந்தை ஒரு கையை மட்டும் நீட்டுகின்றது என்பதைத் தாய்க்கும் முன்னதாக நீங்கள் காண்பீர்கள். கண்டதைத் தாயிடம் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். பிரட்டுக் களத்தில் பலர் முன்னிலையில் வேண்டாம்.

வாசலருகே உள்ள மேசையில் ஓ.கே.யூ. பதிவுப் படிவங்களும், இம்மாவட்டத்துக் கிளினிக், சமூகநல இலாகா, கல்வி இலாகா ஆகியவற்றின் முகவரிகளும் வைத்திருக்கின்றேன். படிவம் நிரப்ப எழுத்து வராதவர்கள் கூச்சப்பட வேண்டாம். நானும் தலைமையாசிரியரும் மாலை ஆறு மணி வரை இங்கேயே இருப்போம். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளின் பெற்றோர் முதலில் வாருங்கள்.